இரண்டு மணி நேர இடைவெளி

பொஸ்நான் நகரத்தின் எட்டாம் எண் டிராமுக்கு
இருபத்தேழு நிறுத்தங்கள்.
ஸ்பிக்னேவுக்குப் பெயர்களெல்லாம் அப்புறம்தான்.
எங்கே கழிப்பறை உண்டு,
எது எப்போதும் பூட்டிக்கிடக்கும்,
எந்த பேக்கரிக்காரி முகம் சுளிக்காமல் சாவி தருவாள்,
இதுதான் அவர் ஓட்டும் வழித்தடம்.

குடலுக்கு ஏது கால அட்டவணை.

பெருங்குடலில் புண் என்றார்கள்.
அதற்கு மாத்திரை.
அழுத்தத்துக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று
முன்பே உண்டு.
இவை போதாதென்று டிப்போவில் மிரோஸ்வாவ்,
கொத்தனார் மகன், ஒரு டப்பாவைத் திறந்தான்:
"குளுட்டமின். அமினோ அமிலம்.
குடல்சுவருக்குச் செங்கல் இது."
வெள்ளைத் தூள். மணமில்லை, ருசியில்லை.
கூடவே ஆளி விதைக் கூழ், கொழகொழவென்று.
கூடவே அதிமதுர வேர்த் தேநீர்,
நாளுக்கு ஐந்து கோப்பை.

வேர்தானே. என்ன செய்துவிடும்.

ஆறாவது வாரம், வார்த்தா ஆற்றுப் பாலத்தின் மேல்
கெண்டைக்கால் கட்டையாய் இறுகியது.
நெஞ்சுக்குள் ஒரு மீன் புரண்டு படுத்தது.
எப்படியோ அடுத்த நிறுத்தம் வரை ஓட்டி
வண்டியை மாற்று ஆளிடம் கொடுத்துவிட்டு
எதிரிலிருந்த மருந்துக்கடைக்குள் நுழைந்தார்.

யாகோதா திட்டவில்லை.
"பையில் இருப்பதையெல்லாம் கொட்டுங்கள்" என்றாள்.
கொட்டினார்.
அதிமதுரத்தை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
"நீர் மாத்திரையோடு இதுவுமா?
இரண்டும் சேர்ந்து உங்கள் பொட்டாசியத்தை
வடித்துக்கொண்டிருக்கின்றன.
நாளைக்கு இல்லை, இப்போதே மருத்துவமனை."
பேசிக்கொண்டே தொலைபேசியை எடுத்துவிட்டாள்.

என் மொழியில் அந்த வேரின் பெயரிலேயே
'அதி' இருக்கிறது.
அவர் மொழியில் அது வெறும் லுக்ரெட்சியா;
எச்சரிக்க ஓர் எழுத்துகூட இல்லை.

மூன்று நாள் சொட்டுநீர்.

திரும்பி வந்தவருக்கு ரசீதின் முதுகில்
ஒரு கடிகாரம் வரைந்து கொடுத்தாள்.
கூழ் குடலுக்கு மட்டுமா மெழுகும்?
மாத்திரைக்கும் மெழுகும்.
மெழுகிய மாத்திரை
இறங்க வேண்டிய நிறுத்தத்தில் தூங்கிப்போன பயணி.
ஆகவே இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம்.
கூழுக்குப் பின் ஒரு கோப்பைத் தண்ணீர்.

"செங்கல்?" என்றார்.
"கல்லீரல் எப்படி? சிறுநீரகம்?"
தெரியாது.
"தெரிந்த பிறகு வாங்கலாம்."

ரத்தம் பார்த்த மருத்துவர்
ஒரு சிட்டிகைச் சிரிப்போடு சொன்னார்:
கெடுதல் இல்லை, உங்கள் அளவுக்கு.
நல்லதா என்றால்,
சாட்சி இன்னும் மெலிவாகத்தான் நிற்கிறது.
மூன்று மாதம் பார்ப்போம்.
புண்ணுக்கான மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.
மலத்தில் ரத்தம் கண்டால்
தூளும் வேண்டாம் கூழும் வேண்டாம்,
என்னைக் கூப்பிடுங்கள்.

மூன்று மாதத்தில் இது இரண்டாவது.
செங்கல் ஏறுகிறதா, அவருக்குத் தெரியவில்லை.
ஓட்டுநர் அறைக் கண்ணாடியில்
அந்த ரசீது ஒட்டியிருக்கிறது.
மிரோஸ்வாவ் நேற்று புதிதாய் ஒரு புட்டி நீட்டினான்.
வாங்கினார்,
திருப்பினார்,
பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க
கண்ணாடியைத் தேடினார்.

பதினான்காம் நிறுத்தம்.
"இன்றைக்கு வயிறு எப்படி?" பேக்கரிக்காரி.
"பரவாயில்லை" என்கிறார்,
சாவிக்குக் கை நீட்டியபடியே.