கணுக்களுக்குத் தனி விலை

தார்த்து நகரம், அவரைத் தெரு.
பாதி இடித்துப் பாதி கட்டிய வீட்டுக்குப்
பலகை பார்க்கப் போனோம், நவம்பரில்.
மணி நான்குதான். வெளியே நல்ல இருட்டு.

கடைக்காரர் எய்னார் எடுத்து எடுத்துப் போட்டார்:
தேன் நிறம், வைக்கோல் நிறம்,
பால் ஊற்றிக் கழுவியது போல் ஒன்று.
"நம்மூர்க் குளிர்காலத்துக்கு
வெளிர் மரமே பாதி விளக்கு" என்றார்.
அவர் சொன்னது சரி.
சரியாக இருந்ததால்தான் எரிச்சல் வந்தது.

மூலையில்
தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி
சுவரைப் பார்த்து நின்றது ஒரு பலகை.
திருப்பினேன்.
புகையில் கறுத்த ஓக்.
முகமெங்கும் கணு, நீளவாக்கில் ஒரு விரிசல்,
விரிசலில் கறுப்புப் பிசின்.
கையால் தடவினால்
ரம்பம் தயங்கிய இடம்கூடத் தெரிந்தது.

தார்மோ விலைச்சீட்டைப் படித்தான், மறுபடி படித்தான்.
"வழவழப்பானதைவிட இது அதிகமா?"
"கணுக்களுக்குத் தனி விலை"
என்றார் எய்னார், சிரிக்காமல்.

ஆறு மாதிரித் துண்டுகள் இரவல் கிடைத்தன.
சிமெண்டுத் தரையில் பரப்பி
மூன்று வாரம் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தோம்.
காலையில் ஒரு நிறம், பல்பின் கீழ் ஒரு நிறம்.
பீட்ரூட் சூப்பைச் சிந்திப் பார்த்தேன்.
நாயை உருளவிட்டேன்.
வெள்ளை நாய்.
கறுப்புத் தரை என்றால் தினமும் பெருக்க வேண்டும்.
பெருக்குவோம் என்று நான்கு பேர் சத்தியம் செய்தார்கள்.
யார் பெருக்குவார் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம்
தார்மோவின் இளையவன் ஊகு
வெளிர் சாம்ப மரத் துண்டின் மேல்
காலுறையோடு ஏறி நின்றான்.
"எங்க வீட்டுத் தரை" என்றான்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அந்த வீட்டில் இப்போது அவன் அம்மா மட்டும்.
அவன் இறங்கவும் இல்லை.

என் மகள் லீலோ
எந்தத் துண்டின் மேலும் நிற்கவில்லை.
"ஓடு மட்டும் வேண்டாம்" என்றாள்.
எங்கள் பழைய வீட்டில் ஓடு.
அதன் மேல் ஒரு பெட்டியின் சக்கரங்கள்
தடக் தடக்கென்று
வாசல் வரை போன சத்தம்
அவளுக்கும் கேட்டிருக்கிறது போல.
தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

அன்று இரவு தார்மோ என்னிடம் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
வெளிர்த் துண்டுகள் ஐந்தையும்
அவனே காரில் ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.
கறுப்பு மட்டும் மிஞ்சியது,
எங்களில் யாரும்
இதுவரை நடந்திராத நிறம்.

பிப்ரவரியில் பதித்து முடித்தார்கள்.
வீடு முழுக்க எண்ணெய் வாசம்.
ஜன்னலில் பனி, கீழே இரவு,
நடுவில் நாங்கள், காலுறைகளோடு.
கொஞ்சம் பயமாகவும் இருந்தது.
ஆற்றின் மேல் பனி உறைந்ததும்
முதல் அடி வைப்போமே, அப்படி.

மூன்றாம் நாள் மாடியில்
கட்டில் இழுபடும் சத்தம்.
ஓடிப் போனேன்.
ஊகு, அவன் அண்ணன் ராஸ்மஸ், லீலோ,
மூன்று பேரும்
கட்டில் காலை மறைத்து நிற்கிறார்கள்.
மேஜையில் உப்பை நகர்த்தித் தரக்கூட
ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர்கள்.

டார்ச் அடித்துக் குனிந்தேன்.
கோடுகள் நிறைய.
எது மரம் வளர்ந்தது, எது ரம்பம்,
எது இன்றைக்கு?

"இது மரத்தோடது" என்றாள் லீலோ.
"ஆமாம், முன்னாடியே இருந்தது" என்றான் ஊகு.
ராஸ்மஸ் தலையாட்டினான், கொஞ்சம் அதிகமாகவே.

விரலில் புது மரத்தூள் ஒட்டியது.
பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.
"இருந்திருக்கும்" என்றேன்.

இறங்கி வரும்போது
படிகளில் நாய் முடி, வெள்ளை வெளேரென்று.
துடைப்பம் எடுத்தேன்.
மேலே சிரிப்புச் சத்தம்,
எது யாருடையது என்று
பிரிக்க முடியவில்லை.