கருவி பேசாத செதில்

காலை ஆறரை.
தலைக்கவசக் கண்ணாடிக்குள்
என் மூச்சே எனக்குப் பனிமூட்டம்.
ஒரு மீட்டர் அகலம், அவ்வளவுதான் என் உலகம்.
இடப்பக்கம் சிவப்புத் தடி, வலப்பக்கம் சிவப்புத் தடி,
நடுவில் என் முழங்கால்.

புல்லுமலைப் பக்கம்,
ஆள் மிதித்துப் பதினாறு வருசமான காடு.
நாலு மாதத்தில் நான் முன்னேறியது
ஒரு வீட்டு வாசல் அளவு.

அந்த வாசலுக்கு அப்பால்,
இன்னும் எவரும் போகக்கூடாத பக்கத்தில்,
கறையான் புற்றொன்று
ராத்திரியோடு ராத்திரியாக உடைந்து கிடந்தது.
பிளந்த மண் இன்னும் ஈரம்.
பக்கத்தில் மூன்று கோடு, ஆழமாக,
முள்ளுக்கரண்டியால் களியைக் கீறினதுபோல.

பன்றி என்றாள் சுகிர்தமலர்.
பன்றி உழும், இது தோண்டல்.
கரடி என்றார் மேகராசா.
கரடியென்றால் இப்படி நின்று கதைத்துக்கொண்டிருப்பமா?

மறுகா,
தடியோரம் ஒரு தகடு கண்டேன்.
கட்டைவிரல் அகலம், வைக்கோல் நிறம்,
ஓரம் தேய்ந்து, மேலே வரிவரியாய்.
குண்டுச் சிதறோ என்று கருவியைத் தாழ்த்தினேன்.
ஆணிக்குக் கத்தும்,
சோடா மூடிக்குக் கத்தும்,
பால்பேணித் துண்டுக்கு ஊரையே கூட்டும் கருவி
இதற்கு வாய் திறக்கவில்லை.
கையுறை கழற்றக்கூடாது.
கழற்றினேன்.
என் பெருவிரல் நகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன்.
நகம்.

அழுங்கு.

பகலில் எவர் கண்ணிலும் படாத உயிர்.
பல்லே இல்லை அதுக்கு.
கடிக்க ஏலாது, வேகமாய் ஓட ஏலாது.
நாக்கு மட்டும் வாய்க்குள் அடங்காமல்
நெஞ்சுக்கூட்டின் அடிவரை போய் வேர்விட்டிருக்கும்.
தின்னும்போது எறும்பு ஏறாமல்
காதையும் மூக்கையும் உள்ளிருந்தே பூட்டிக்கொள்ளும்.
குட்டியை வாலில் ஏற்றிப் போகும்,
சைக்கிள் கரியரில் பிள்ளையை வைத்தது போல.
பயந்தால் உருண்டை.
சிறுத்தையின் பல்லுக்கும் திறக்காத உருண்டை.
ஆனால் சாக்கில் தூக்கிப் போட
மனிதருக்கு அதைவிட வசதி வேறில்லை.

செதில் கிலோ இவ்வளவென்று
சந்தியில் ஒருத்தன் விசாரிக்கிறானாம்.
சொல்லிவிட்டு மேகராசா என் முகத்தைப் பார்த்தார்.
நான் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

"பத்துக் கிலோ மிருகம்
புற்றைச் சுத்தி வட்டமடிச்சிருக்கு சேர்,
அப்ப அதில ஒண்டும் இல்லைதானே?"
கிறிசாந்தன் சிரிக்கவில்லை.
"உசிரோட போனது சாட்சி இல்லை."

ஆறு நாள் சென்று
கருவி ஒருமுறை, சின்னதாய், விக்கல் எடுத்தது.
சாய்த்த கம்பியின் நுனியில் அந்தத் தட்டல்.
தூரிகையால் மண்ணை விலக்கினேன்.
மூன்று கோட்டில் நடுக்கோடு முடிந்த இடத்திலிருந்து
நாலு விரற்கடை.
பச்சை மூடி.
இத்தனை மாரி மழைக்கும்
கொஞ்சமும் வெளுக்காத பச்சை.

விசில்.
எல்லாரும் பின்வாங்கினோம்.
மண்மூட்டைக்குப் பின்னால்
முழங்காலைக் கட்டி, தலையை உள்ளே செருகி,
முதுகை மட்டும் வெளியே விட்டுக் குந்தியிருந்தேன்.
பயிற்சியில் காட்டித்தந்தது இப்படியில்லை.
இது ஐந்து வயதில் தானாக வந்தது.

வெடித்தது.
பறவைகள் எழும்பி, சுற்றி,
அதே மரத்தில் திரும்ப இருந்தன.

அறிக்கைத் தாளில் கட்டங்கள்.
மிதிவெடி: ஒன்று.
சன்னம்: பூச்சியம்.
'வேறு' என்ற கட்டத்தில்
செதில் ஒன்று, இரும்பு இல்லை என்று எழுதினேன்.
எங்கே அது என்றார் கிறிசாந்தன்.
புற்றுக்குள்ளேயே போட்டுவிட்டேன் என்றேன்.
போடவில்லை.

மறுநாள் விடிய,
இன்னும் உள்ளே, தடியே ஊன்றாத தூரத்தில்
வேறொரு புற்று உடைந்து கிடந்தது.
வால் இழுபட்ட கோடு
வளைந்து வளைந்து காட்டுக்குள் போனது.
எங்கே அது கால் வைத்தது,
எங்கே வைக்கவில்லை,
ஒரு மீட்டர் ஒரு மீட்டராய்த்தான் தெரியவரும்.

முழங்காலை ஊன்றினேன்.