ஒன்றரை ரியால்

வியாழன் இரவு, பிள்ளைகள் உறங்கியதும்
பதினான்கு ரியாலை மேசைமேல் பரப்புவேன்.
நூறு பைசாவுக்கும் இந்த நாட்டில் நோட்டு உண்டு.
அதையும் நீவி விடுவேன்,
நீவினால் கொஞ்சம் நீளுமோ என்று.

தக்காளி ஓமானில் விளைந்தது, டிசம்பரில் மலிவு.
ஏப்ரல் வந்தால் புளிதான்.
வெங்காயத்துக்கு நாடு பார்ப்பதில்லை,
அட்டையில் எண்ணைப் பார்ப்பேன்.
பிரேசில் கோழி
எங்களைவிட அதிகக் கடல் தாண்டி வந்தது.
பதினாறு துண்டு, மூன்று வேளை.
அபிஷா எண்ணிவிடுவாள்.

மீன் மார்க்கெட்டில் நெய்மீனின் பெயரை
ரெஜினுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு
சாளை ஒரு கிலோ வாங்கினேன்.
யாரோ வாங்கிய நெய்மீனின் தலை
கழிவு வாளியில் வாய் திறந்து கிடந்தது.
'பூனைக்கு' என்று கேட்டு வாங்கி வந்தேன்.
ரூவியில் எங்கள் கட்டிடத்தில்
பூனைக்கு அனுமதி இல்லை.
தலைக்கறி இரண்டு நாள் வந்தது.

சம்பளம் குறைத்த ஜூலையில்தான்
ஜஸ்டஸ் சொன்னார்:
'இனி மத்தியானம் எனக்குக் கட்டாதே.
கம்பெனியே சாப்பாடு போடுது.'
என்ன போட்டார்கள் என்று தினமும் கேட்பேன்.
தினமும் ஒரு குழம்பு சொல்வார்.
புளிசேரி. பருப்பு. ஒருநாள் அவியல்,
அதுவும் மாங்காய் போட்டு.
'சமையல்காரர் நம்ம நாகர்கோவிலா?' என்றேன்.
'பங்களாதேஷ்' என்றார்.
அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

போன வாரம், துவைக்கப் போட்ட பேண்ட் பையில்
பில்கள், ஒன்றோடொன்று ஒட்டி.
குபூஸ் ஒன்று. லபன் சிறியது ஒன்று.
மொத்தம் இருநூற்றைம்பது.
தேதி மட்டும் மாறியிருந்தது.
பழையவை எழுத்து வெளுத்து
வெறும் தாளாகியிருந்தன.
அவற்றையும் எண்ணினேன்.

காசு ஏது இவருக்கு?
ஷூவைத் திருப்பிப் பார்த்தேன்.
வாதி கபீரிலிருந்து டாக்சி ஏறாமல்
நடந்தே வந்திருக்கிறது இந்த மனுஷன்.
ஓவர்டைம் என்று நான் நினைத்திருந்த
அந்த முக்கால் மணி நேரம்.

கோபம்தான் வந்தது.
மாங்காய் வரை யோசித்திருக்கிறாரே!

கேட்கவில்லை.
கேட்டால் இன்னொரு பொய் செலவாகும்.
பட்டியலில், துவரம்பருப்புக்கும் சோப்புக்கும் நடுவே
கொட்டை எழுத்தில் எழுதினேன்:
ஜஸ்டஸ், மத்தியானம், ஆறு நாள், ஒன்றரை ரியால்.
அதற்கு இடம் வேண்டுமே.
சீஸை அடித்தேன்.
என் தலைவலி மாத்திரையை அடித்தேன்.
கோழியை அடித்துவிட்டு
அபிஷாவின் முகம் நினைவு வர
பக்கத்திலேயே மறுபடி எழுதினேன்.
இருநூறு பைசா இடித்தது. இடிக்கட்டும்.

வெள்ளி மாலை கடையிலிருந்து போன்.
வழக்கம்போல் ஒவ்வொன்றாக வாசித்தார்.
'உருளை ரெண்டு கிலோவா, ஒண்ணா?'
'பருப்பு, போன தடவை எடுத்ததேவா?'
அப்புறம் சத்தமில்லை.
தள்ளுவண்டியின் கோணல் சக்கரம் மட்டும்
கீச் கீச்சென்று போய்
எங்கோ நின்றது.
ஆஃபர் முடிய இன்னும் பத்து நிமிடம் என்று
ஒலிபெருக்கி மலையாளத்தில் சொன்னது.

'இங்க பாரு...' என்றார்.
'ம்.'
'லபன் பெரிய பாட்டிலா எடுத்தா
வாரத்துக்கு முந்நூறு மிச்சமாகும்.'
'சைட்ல ஃபிரிட்ஜ் இருக்கா?'
'இருக்கு.'
'அப்ப எடுங்க. குபூஸ் வேண்டாம்.'
அதற்குமேல் இருவரும் பேசவில்லை.
பேசினால் பேலன்ஸ் தீரும் என்று
சொல்லிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை விடியுமுன் டிபன் டப்பாவைத் தேடினேன்.
ஐந்து மாதமாக அபிஷா அதில்
கிரேயான் போட்டு வைத்திருந்தாள்.
மூன்று தடவை தேய்த்தும்
மூடியின் விளிம்பில் நீலம் போகவில்லை.
சோற்றை அமுக்கி வைத்து
மேலே நெத்திலித் துவையல், ஓரமாக ஊறுகாய்.

'மெழுகு வாசம் லேசா அடிக்கும்' என்றேன்.

டப்பாவை வாங்கி
ஒருமுறை கையில் எடை பார்த்துவிட்டுச் சொன்னார்:
'அந்த பங்களாதேஷ்காரன் சமையலுக்கு
இது எவ்வளவோ மேல்.'