ஆள்காட்டி

முதல் தடவை நான் தப்பாகத்தான் அறுத்தேன்.
எழுதிவைத்துவிடுகிறேன்,
தக்வரெம்போவில் யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும்.

ஜூலை. ஆடுகளின் முதுகில் உறைபனி.
வில்மார் பென்டான்கூர் நாற்பது கிலோமீட்டர் ஓட்டி வந்தார்,
வண்டியின் பின்தட்டில் நாய்.
பெயர் தேரோ. எங்கள் மொழியில் ஆள்காட்டிக் குருவி.
யார் வந்தாலும் முதலில் கத்திவிடும் என்பதால் அந்தப் பெயர்.
அன்று கத்தவில்லை.
தாடைக்கடியில் சீமைமாதுளை அளவில் ஒரு வீக்கம்.
"வலிக்கிறதா?" என்றேன்.
நாய்க்குப் பதில் அவர் தலையாட்டினார், இல்லையென்று.

வலியில்லை. சூடில்லை.
அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும்.
சீழ் கட்டினால் கொதிக்கும், தொட்டால் பல் தெரியும்.
ஆனால் போன கோடை முழுக்க
புல்லின் முள்விதைகளைக் கழுத்துகளிலிருந்து பிடுங்கிய கை இது.
கீறினேன். கொட்டியது. கட்டினேன்.
காசும் வாங்கினேன்.

மூன்று வாரம்.
அதே வண்டி, அதே பழம், இன்னும் பெருத்து.
வில்மார் ஒன்றும் சொல்லவில்லை.
தன் மாத்தேக் குடுவையை என்னிடம் நீட்டினார்.
திட்டியிருக்கலாம்.

இம்முறை கத்தியைத் தட்டிலேயே விட்டுவிட்டு
விரல்களை அனுப்பினேன்.
தாடை மூலைகள், தோளின் முன்பக்கம்,
தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னால்.
நிணக் கணுக்கள் அவரைக்கொட்டை போல
அதனதன் இடத்தில் சாதுவாக இருந்தன.
கண்டமாலை இல்லை.
அந்த மாலை ஒரு கழுத்தோடு நிற்பதில்லை.
மார்ச்சில் ஒரு பாக்ஸர் நாய், உடம்பெங்கும் கோத்துக்கொண்டு வந்தது.
அதை வளர்த்த பெண்ணிடம் இரண்டு எண் சொன்னேன்:
மருந்தோடு இத்தனை மாதம், இல்லாமல் இத்தனை.
அவள் சின்ன எண்ணை மட்டும்
மெதுவாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

ஊசி போட்டு இழுத்தேன்.
முதலில் வரவில்லை. பிறகு வந்தது,
தேன் நிறத்தில், துளி ரத்தம் கலந்து.
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்தேன்.
நூல். இழுக்க இழுக்க அறுபடாத நூல்.
சீழ் இப்படி நீளாது.
எச்சில்.
எங்கோ ஒரு குழாய் கிழிந்திருக்கிறது.
ஒழுகும் குழாயை விட்டுவிட்டு
போன மாதம் வாளியைக் காலி செய்திருக்கிறேன்.

எந்தப் பக்கத்துக் குழாய்?
பை நட்டநடுவில் தொங்கியது, இரண்டு பக்கமும் பழி போடலாம்போல.
மயக்கம் கொடுத்து மல்லாக்கக் கிடத்தினோம்.
வில்மார், தேவையே இல்லாமல், பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார்.
நான்கு கால்களும் கூரையைப் பார்க்க
வீக்கம் மெல்லச் சரிந்தது,
கொட்டிலுக்குத் திரும்பும் மாடு மாதிரி,
இடதுபக்கம்.
ஆள்காட்டி ஆளைக் காட்டிவிட்டான்.

கழுத்துச் சிரை கிளைபிரியும் கவட்டில்
ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு சுரப்பிகள்.
நாக்கின் அடிவரை போகிற தொடரை
பாதியில் விடாமல் எடுத்தேன்.
"எச்சில் வற்றிப்போகாதா, டாக்டர்?"
"மற்ற சுரப்பிகள் பார்த்துக்கொள்ளும்."
அவர் யோசித்தார்.
"சீட்டியடிக்க எச்சில் வேண்டியது எனக்குத்தான்.
அவனுக்குக் காது இருந்தால் போதும்."

இந்தத் தடவை காசு வாங்கவில்லை.
அடுத்த வாரம் வாசலில் ஓர் ஆட்டுத்தோல் கிடந்தது,
உப்புத் தடவி, மடித்து.

அன்றைக்கே கடைசியாக எட்டெல்வினா அம்மாள்,
ரொட்டிக் கூடைக்குள் பதினான்கு வயதுப் பூனை.
"கழுத்திலெல்லாம் ஒன்றுமில்லை. பல்லைப் பாருங்கள்.
ஒரு நாளைக்கு ஆறு வேளை தின்கிறது,
முதுகெலும்பை எண்ணிவிடலாம்."
பூனையின் மோவாயை உயர்த்தினேன்.
மூச்சுக்குழாயின் ஓரமாகக் கட்டைவிரலை
மேலிருந்து கீழே இறக்கினேன்.
ஒன்றுமில்லை.
மறுபடி இறக்கினேன், இன்னும் மெதுவாக.
ஒரு பட்டாணி
விரலுக்கடியில் வழுக்கி நகர்ந்தது.
"ஒரு நிமிஷம் பேசாமலிருங்கள்" என்றேன்,
பூனையிடமா அம்மாளிடமா என்று தெரியாமல்.