கொண்டல் வருவதற்குள்

கல்மண்டபத்துக்குப் பின்னால்
ஐஸ் ஃபேக்டரிக்கு மேலே, மூன்றாம் மாடியில்
தண்ணீர் கால் வைக்க முடியாத தரை ஒன்றைத்
தயாரிக்கிறோம்.
எல்லாம் சேர்த்து ஒரு முறத்தில் அடங்கிவிடும்.

பதினாறு கண்ணாடித் தட்டுகள்.
பூச்சு கண்ணுக்குத் தெரியாது.
சொட்டு வைத்தால் அது படராது, குந்தாது,
கட்டைவிரலில் எம்பி நின்று
சரிவு கிடைத்ததும் கிளம்பிவிடும்.
நூற்று ஐம்பத்திரண்டு பாகை என்பாள் கேமராவைப் பார்க்கும் ரஹீமா.
ஒட்டாமையை அளக்கும் அந்தக் கருவிக்கு
இன்னும் ஏழு தவணை பாக்கி.

தாமரை இலையை உதாரணம் காட்டுவார்கள் எல்லோரும்.
தாமரையை நான் பூக்கடை வாளியில்தான் பார்த்திருக்கிறேன்.
எனக்குத் தெரிந்தது
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டருகே
சாக்கடையோரம் முளைத்த சேம்பு.
கேட் மூடிய பதினெட்டு நிமிடமும்
ஸ்கூட்டரில் நான் நனைய,
அது நனையவில்லை.

ஒரே ஒரு சிக்கல்.
தண்ணீரை விரட்டப் பிறந்த இந்தப் பூச்சு
பூசி முடிக்கும்வரை தண்ணீருக்குப் பயப்படும்.
குப்பியைத் திறக்கும்போது காற்றில் ஈரம் இருந்தால்
கண்ணாடியைத் தொடுமுன்பே
தன்னோடு தானே பிணைந்து
திரிந்த பாலாய்க் கட்டிகட்டியாக இறங்கும்.
ஈரம் உறிஞ்சும் எந்திரம் கேட்டு எழுதிய கடிதம்
இரண்டு வருடமாகத் தாராமணி அலுவலகத்தில்.
ராயபுரத்தில் கதவைச் சாத்திக்
கடலை வெளியே நிறுத்த முடியுமா?

அதனால் தேசப்பன் மாமாவுக்குப் போன்.
அக்கா புருஷன். காசிமேட்டில் ஃபைபர் படகு.
"கச்சான் எவ்ளோ நேரம் நிக்கும் மாமா?"
"ஒரு மணி வரிக்கும் தாங்கும். அப்பால கொண்டல் தூக்கிடும்.
இன்னா, இன்னிக்கும் வார்னிஷா?"
வார்னிஷ்தான்.

வியாசர்பாடி வெக்கையை வாரிக்கொண்டு
மேற்கிலிருந்து வரும் காற்றுதான்
எங்களுக்கு நல்ல காற்று.
ஊரே கடலைப் பார்த்துக் கழுத்தை நீட்டியிருக்க
நான் மட்டும்
பத்து நிமிடம், இன்னும் பத்தே நிமிடம்
அங்கேயே இரு என்பேன்.

நேற்று பன்னிரண்டு நாற்பதுக்கே வந்துவிட்டது.
காலண்டர் படபடத்ததும் தெரிந்தது.
கடைசித் தட்டைப் பாதியில் மூடினேன்.

இன்று செல்களை விட்டோம். யாருடைய ஈரலோ.
அந்த ஆள் இறந்து என் வயதுக்கு மேலாகிறது,
செல்களுக்கு அது தெரியாது.
ஒட்டினால்தான் அவற்றுக்கு உயிர்.
கீழே பிடி கிடைக்காவிட்டால்
தானே முடித்துக்கொள்ளும் கட்டளை
உள்ளேயே இருக்கிறது.
அதை மீற ஒரு வழிதான்:
பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்வது.
மூன்று நாளில் கடுகில் பாதி உருண்டை.
தட்டையாகக் கிடந்தபோது மறந்த ஈரல்வேலையை
உருண்டதும் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளும்.
அப்புறம் மருந்தை விட்டுப் பார்ப்பார்கள்,
எவ்வளவில் சாகிறது என்று.

பதினாறாம் தட்டில் மட்டும்
ஓரத்தில், நகத்தளவு, பூச்சு பிடிக்காத இடம்.
எப்படித்தான் கண்டுபிடித்தனவோ,
நாலாயிரம் செல் அங்கே
கைகால் நீட்டிப் படுத்திருக்கின்றன.
விதிப்படி பிளீச் ஊற்ற வேண்டும்.
பேரேட்டில் "நிராகரிப்பு" என்று எழுதி
இன்குபேட்டரின் கீழ்த்தட்டில் வைத்தேன்.
ரஹீமா பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் மாமா படகடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
எண்ணூர்ப் பக்கம் போனதில் கருப்பாய் எண்ணெய்,
மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை.
"உன் வார்னிஷ அடிச்சா ஒட்டாதில்ல?"
தண்ணிதான் ஒட்டாது மாமா.
எண்ணெய்னா இழுத்துப் பிடிச்சுக்கும்.
"அப்ப நமக்கு ஆவாது," என்று
மறுபடி சுரண்டினார்.

கொண்டல் நன்றாக வீசியது.
என் கையெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு.