ஒற்றைகள்

பனி உருகியதும்
லிஃப்ட் கம்பிக்கு நேர் கீழே
புல்லெங்கும் கையுறைகள்.
பிப்ரவரியில் அந்தரத்தில் போனவர்கள்
மூக்குச் சிந்தவோ படமெடுக்கவோ
கழற்றியவை.

செராய்னா பொறுக்கிவந்து
வேலிக் கம்பங்களில் மாட்டுகிறாள்.
பெரும்பாலும் வலது.
ஒன்றுக்குள் சிலந்தி குடியேறி
காலி செய்ய மறுக்கிறது.

ஜூலையில் அதே நாற்காலிகளோடு
சைக்கிள்கள் தொங்கியபடி மலையேறுகின்றன.
செம்மண் தெறித்த முதுகோடு
இறங்கிவந்த ஒருவன்
சட்டென்று பிரேக் பிடித்தான்:
"அந்தச் சிவப்பு என்னுடையது."

அந்த வெயிலில் போட்டுப் பார்த்தான்.
அளவு சரி.
இதன் ஜோடியை
மார்ச்சிலேயே எறிந்துவிட்டானாம்.

திரும்ப மாட்டிவிட்டுப் போனான்.

பஸ்ஸுக்கு நிற்பவன்போல்
கம்பம் கை காட்டிக்கொண்டிருக்கிறது.
மணி கட்டிய மாடொன்று மட்டும்
நின்று பார்க்கிறது.