பதினாறு கிலோ

டாலின் விமான நிலையம், சரக்கு வாசல்.
கையெழுத்துப் போட்டு வாங்குகிறேன்.
பெட்டி பதினாறு கிலோ.
உள்ளே மருந்து
ஒரு கரண்டி பாயசம் அளவுக்குக்கூட இல்லை.
மற்றதெல்லாம் ஈயம்.

முன்பு இதே வண்டியில் ரொட்டி ஏற்றினேன்.
ரொட்டி காய்ந்தால் கடைக்காரர் திட்டுவார்.
இது காய்வதில்லை, குறைகிறது.
ஆறரை நாளில் பாதி.
அடுத்த ஆறரை நாளில் அந்தப் பாதியில் பாதி.
யாரும் தொடாமலே. மூடி திறக்காமலே.
இன்று நண்பகல் பன்னிரண்டுக்கு இது எவ்வளவு என்று
லேபிளில் அச்சடித்திருக்கிறார்கள்.
பன்னிரண்டுக்கு மேல் போனால்
அது என் தலையில்.

பொல்ட்சமாவுக்கு முன்னால் ஒரு பனிவாரி வண்டி.
முந்த வழியில்லை.
ஆரஞ்சு விளக்கு சுற்றிச் சுற்றி
என் கண்ணாடியில் உப்பை வாரி இறைக்கிறது.
திட்டுகிறேன்.
எஸ்தோனிய வசவுகள் நீளமானவை,
ஒன்று முடிவதற்குள் இரண்டு கிலோமீட்டர் போய்விடும்.

தார்த்து மருத்துவமனையில் கேர்த்
பெட்டியை வாங்கிக் கருவியில் வைத்து அளப்பாள்.
ஒருமுறை காப்பி குடிக்கும்போது
காகிதத் துண்டில் வரைந்து காட்டினாள்:
புற்றணுவின் மேலே ஒரு கொக்கி.
மருந்து ஊர் சுற்றி வந்து அதில் மாட்டும்.
மாட்டிய இடத்திலிருந்து சுடும்.
எவ்வளவு தூரம்?
ஒரு மில்லிமீட்டர். மிஞ்சினால் இரண்டு.

நூற்றெண்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டியது
அந்த ஒரு மில்லிமீட்டருக்கு.

"அப்படியென்றால் குறி தப்பவே தப்பாதா?"
"தப்பும். எச்சில் சுரப்பியிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.
ஏனென்று இன்னும் முழுசாகத் தெரியவில்லை.
சிலருக்கு நாக்கு வறண்டுபோகும்.
ரொட்டி மரத்தூள் மாதிரி இருக்குமாம்."
காகிதத்தைக் கசக்கிப் போட்டாள்.

யாருக்குக் கொண்டுவருகிறேன் என்று
எனக்குத் தெரியக் கூடாது.
லேபிளில் பெயர் கிடையாது, எண்தான்.
இன்று போன வாரத்துக் காலிப் பெட்டிக்காக
மாலைவரை காக்க வைத்துவிட்டார்கள்.
நடைவழியில் உட்கார்ந்திருந்தேன்.
கம்பளித் தொப்பியோடு ஒருவர் வந்தார்,
காலடியில் இருந்த மஞ்சள் முத்திரையைப் பார்த்தார்.
"என்னைத் தூக்கிவந்தவள் நீதானா?"

எழப்போனேன்.
"வேண்டாம், கிட்டே வராதே.
இன்றிரவு நான் விளக்கு."

பெயர் எந்தெல். படகு எஞ்சின் பழுதுபார்த்தவர்.
இது நான்காவது சுற்று.
எண்பத்துநான்கு, முப்பது, பதினொன்று
என்று இறங்கியதாம் ரத்தத்தில் அந்த எண்.
"போன மாதம் பதினான்கு."
வெளியே எத்தனை டிகிரி என்பதுபோல் சொன்னார்.

எச்சில் ஊறட்டும் என்று கொடுத்த
எலுமிச்சை மிட்டாய்ப் பொட்டலத்தை
பெஞ்சின் நடுவில் வைத்துவிட்டு
மூன்று எட்டு விலகி நின்றார்.
"எடுத்துக்கொள். எனக்குப் புளிப்பே தெரிவதில்லை."

வாகன நிறுத்தத்தில் பார்த்தேன்.
ஓட்டும் இருக்கையில் அவர் மனைவி.
இவர் பின்னால், கோணலாக எதிர்மூலையில்,
விதித்த தூரத்துக்கு ஓர் அங்குலம் குறையாமல்.
அந்த அம்மாள் கண்ணாடியைத் திருப்பினாள்.
சாலை தெரிவதற்காக அல்ல.

நான் காலிப் பெட்டியை ஏற்றினேன்.
அதே பதினாறு கிலோ.
மிட்டாய் உறையைப் பல்லால் கிழித்து
வாயில் போட்டேன்.
எச்சில் ஊறியது.